எண்ணூறு ரூபா டாக்டர்

நீங்க டாக்டரா தம்பி? பையில குழாய் மாதிரி ஏதோ நீட்டிக்கிட்டு இருந்துச்சு, அதான் கேட்டேன். குடையா? சரி சரி, உக்காருங்க. மனுச டாக்டரா இருந்தாக்கூட எனக்கு ஒண்ணுமில்ல. மிருக டாக்டரா இருந்தாத்தான் நான் எந்திரிச்சு, திண்டுக்கல் வரைக்கும் நின்னுக்கிட்டே வந்துருவேன். அம்புட்டு வெறுப்பு. இந்தப் பையை மட்டும் மிதிச்சிராதீங்க. உள்ள கோர்ட்டு பேப்பர் இருக்கு.

ஆமா, கோர்ட்டுக்குத்தான் போறேன். நுகர்வோர் கோர்ட்டு. நான் யாரையும் வெட்டல குத்தல. வெட்டியிருந்தா இந்நேரம் தீர்ப்பு வந்து, உள்ள போயி வெளிய வந்திருப்பேன்.

என் பேரு சவரிநாதன். கொடைக்கானல் ஏரியில குதிரை ஓட்டுறவங்களப் பாத்திருப்பீங்கல்ல, "சார் ஒரு ரவுண்டு, மேடம் ஒரு ரவுண்டு"ன்னு பின்னாடியே வருவாங்கல்ல, அதுல ஒருத்தன். முப்பது வருசம் ஓட்டியிருக்கேன். இப்ப குதிரை இல்ல. குதிரை இல்லாத குதிரைக்காரன், எப்படி இருக்கு பேரு? கம்பெனிக்காரன் என் குதிரையே இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டான். இருங்க, மொதல்லருந்து சொல்றேன். இந்த வளைவு முடியட்டும், எனக்கே தலை சுத்துது.

பிஜிலின்னு பேரு. செம்பழுப்பு நிறம், நெத்தியில வெள்ளை, பின்னங்கால் ரெண்டும் முட்டி வரைக்கும் வெள்ளை, காலுறை போட்ட மாதிரி. பச்சைப் புள்ளையத் தூக்கி வச்சாலும் அசையாது. புதுசாக் கல்யாணமான பொண்ணுங்க பயந்து கத்தும், காதப் புடிச்சு இழுக்கும், இது திரும்பிக்கூடப் பாக்காது. ஒட்டன்சத்திரத்துல கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுறவர்கிட்ட வாங்குனேன். பாதி விலைக்கு வாங்குனேன். ஏன் பாதி விலைன்னு கேளுங்க.

கேக்கமாட்டீங்க, நீங்க வெளியாளு. குதிரைக்காரன்னா அதைத்தான் மொதல்ல கேப்பான். இடது கண்ணுக்குக் கீழ, கண்ணீர் எறங்குற எடத்துல, அதுக்கு ஒரு சுழி. முடி சுருண்டு சுழிச்சிருக்கும். கண்ணீர்ச் சுழின்னு சொல்லுவாங்க. அப்படி ஒரு குதிரை நின்னா அந்த வீட்டு ஆளுங்க அழுதுக்கிட்டே இருப்பாங்கன்னு ஒரு பேச்சு. எந்த மாப்பிள்ளை அதுல ஏறுவான்? அதான் அவரு தள்ளிவிடப் பாத்தாரு. எங்கூட வந்த பாய்தான் காதுல சொன்னாரு, "சவரி, சுழி இருக்கு, இன்னும் கொறைச்சுக் கேளு"ன்னு. பாய்னா அபுதாகிர் பாய். எனக்கு அடுத்த முறை அவருக்கு. ஸ்டாண்டுல நாங்க வரிசைப்படிதான் சவாரி ஏத்துவோம், எனக்கப்புறம் அவரு குதிரை சுல்தான். இருபது வருசமா அப்படித்தான் நின்னோம்.

எனக்கு இந்தச் சுழி கிழியில எல்லாம் நம்பிக்கை இல்ல தம்பி. சத்தியமா இல்ல. ஆனா ஸ்டாண்டுல நிக்கிற மத்தவனுக்கு இருக்கே! நாளைக்கு எவன் குதிரையாவது கால் இடறுனா என் குதிரையத்தான் சொல்லுவான். வடநாட்டு ஆளுங்க வேற வர்றாங்க, அவங்களுக்கு எல்லாச் சுழியும் தெரியும். நாளப்பின்ன விக்கணும்னாலும் விலை போகாது. அதனால கன்னத்துல ஒரு தோல் பட்டை தச்சுப் போட்டேன். செவப்புத் தோலு, நடுவுல பித்தளைப் பூ. இந்தப் பையில இருக்கு, அப்பறம் காட்டுறேன். அழகாத்தான் இருக்கும். எல்லாரும் போட்டோ புடிப்பாங்க. குளிப்பாட்டுனாக்கூட வீட்டுக் கொட்டாயில வச்சுத்தான் கழட்டுவேன். ஒருநாள் ஸ்டாண்டுல ஒருத்தன் கேட்டே புட்டான், "ஏண்ணே, உங்க குதிரைக்குக் கண்ணீர்ச் சுழியாமே?"ன்னு. எங்க மலைக்கோயில் சலேத் மாதா மேல சத்தியமா இல்லடான்னுட்டேன். எல்லாருக்கும் முன்னாடி. பாய் பக்கத்துலதான் நின்னாரு. கடிவாளத்தத் தொடச்சுக்கிட்டு இருந்தாரு.

என் வீட்டுக்காரி பிலோமிக்கு மட்டும் அது பிடிக்கல. "சலேத் மாதாவே அழுதுக்கிட்டே காட்சி குடுத்த மாதாதாங்க. கண்ணீருக்குப் போயி அவங்க மேலயே பொய்ச் சத்தியம் பண்ணுவீங்களா?"ன்னு கேட்டா. ஒரு வாரம் சோத்த வச்சுட்டு வெளிய போயிருவா. பொம்பளைங்களுக்கு யாவாரம் புரியாது.

சரி, டாக்டர் கதைக்கு வர்றேன்.

குலோத்துங்கன்னு பேரு. கீழருந்து வாரத்துக்கு ரெண்டு நாள் மலைக்கு வருவாரு. கவர்மெண்டு டாக்டர் இருக்காரு, நல்ல மனுசன், ஆனா அவருக்கு மாடு, கோழி, வெறிநாய்னு கெடக்கு. குதிரைன்னா கைய விரிப்பாரு. அப்ப எங்களுக்குக் குலோத்துங்கன்தான். ஒரு தடவை வந்து பாத்தா எண்ணூறு ரூபா. ஊசி மருந்து எல்லாம் சேத்து எண்ணூறு. டீ வாங்கிக் குடுத்தாக் குடிப்பாரு. குதிரை நல்லாயிருச்சான்னு மறுநாள் போன் போட்டுக் கேப்பாரு. எண்ணூறு ரூபா டாக்டர்னே அவருக்குப் பேரு. தங்கமான மனுசன் தம்பி, அப்ப.

அப்பறந்தான் இந்த இன்சூரன்ஸ் வந்து குடியக் கெடுத்துச்சு.

எடிசன்னு ஒரு ஏஜெண்டு. கம்பெனி பேரு வேணாம், நீங்களும் பாத்திருப்பீங்க, டி.வி.யில ஒரு குடும்பமே சிரிச்சுக்கிட்டு வரும். ஸ்டாண்டுக்கு வந்து எங்களை உக்கார வச்சு, குதிரை செத்தா இவ்வளவு, சீக்குன்னா வைத்தியச் செலவுல நூத்துக்கு எம்பது கம்பெனி குடுக்கும்னான். ஏழு பேரு சேந்தோம். பாய் சேரல. அவருக்கு இதெல்லாம் ஆகாதுன்னுட்டாரு.

சேரணும்னா டாக்டர் சான்றிதழ் வேணும். மாட்டுக்குன்னா காதுல தகடு அடிச்சிருவாங்க. எங்க பாலிசியில குதிரைக்கு அடையாளம் எழுதுறதுதான். நிறம், வெள்ளை, தழும்பு, சுழி. குலோத்துங்கன் எழுத வந்தாரு. "சவரி, அந்தப் பட்டையக் கழட்டு, மொகத்தப் பாக்கணும்"னாரு. நான் ஓரமாக் கூட்டிட்டுப் போனேன். "டாக்டரே, சுழிய எழுதிராதீங்க, நாளைக்கு இந்தப் பேப்பரோடதான் குதிரைய விக்கணும், எவன் வாங்குவான்?"ன்னு கேட்டேன். அவரு, "அடையாளம்னா அதுதான்யா மொத அடையாளம், மனுசனுக்குக் கைரேகை மாதிரி"ன்னாரு. நான் கையப் புடிச்சுக்கிட்டேன். இருவது வருசப் பழக்கம். தலையச் சொறிஞ்சாரு. கடைசில, "முகத்தில் சுழி இல்லை"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டாரு. பட்டையோடயே போட்டோவும் புடிச்சாச்சு.

பாத்தீங்களா? படிச்ச மனுசன். டாக்டரு. நான் சொன்னேன்னா அவரு எழுதலாமா? மாட்டேன்னு சொல்லியிருக்க வேணாமா? இதைத்தான் நான் கோர்ட்டுல கேக்கப் போறேன்.

அந்த வருசம் டிசம்பர்ல பிஜிலிக்குக் குளம்புல சீழ் வச்சுச்சு. குலோத்துங்கன் வந்து கீறிவிட்டுக் கட்டுப் போட்டாரு. எண்ணூறுன்னு ரசீது எழுதப் போனாரு. நான் சும்மா விளையாட்டுக்குத்தான் சொன்னேன் தம்பி, "கம்பெனி காசுதானே டாக்டரே, கூடப் போட்டு எழுதுங்க, ஆளுக்குப் பாதி"ன்னு. ஊரான் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையேன்னு ஒரு சிரிப்பு. அவரும் சிரிச்சாரு. நாலாயிரம்னு எழுதுனாரு. கம்பெனி மூவாயிரத்து இரநூறு குடுத்துச்சு. அவரு எண்ணூறு போக மிச்சத்துல பாதி எனக்கு, பாதி அவருக்கு. நான் யாருக்கும் துரோகம் பண்ணல. அன்னைக்கே டீக்கடையில எல்லாருக்கும் வடை வாங்கிக் குடுத்து, எப்படிப் பண்ணுனோம்னு சொல்லியும் குடுத்தேன். நல்லது தெரிஞ்சா நாலு பேருக்குச் சொல்லணும்ல.

ஏழு பேரும் அப்படியே பண்ண ஆரம்பிச்சானுங்க. அங்கதான் வந்துச்சு வெனை. கம்பெனிக்காரன் முழிச்சுக்கிட்டான். வெறும் ரசீது செல்லாது, டாக்டருக்குப் பேங்குல காசு போன கணக்கு வேணும்னுட்டான். அப்பறம் என்ன? குலோத்துங்கன் நாலாயிரத்தையும் மொதல்லயே வாங்குனாரு. நெசமான நாலாயிரம்! நாங்க கட்டிட்டு, கம்பெனிக்கு எழுதிப் போட்டுட்டு, மூணு மாசம் காத்துக்கிட்டுக் கெடக்கணும். எண்ணூறுங்கிற பேச்சே போயிருச்சு. மனுசன் குதிரையத் தொடுறதுக்கு முன்னாடி, "இன்சூரன்ஸ் இருக்கா?"ன்னுதான் கேப்பாரு. குதிரைக்கு என்னன்னு அப்பறந்தான் கேப்பாரு. காரு வேற மாத்திட்டாரு.

இப்படி ஒரு அநியாயம் உண்டா? ஒரே ஊசி, ஒரே கை, அதே டாக்டர்! போன வருசம் எண்ணூறு, இந்த வருசம் நாலாயிரம்! கேக்க நாதியில்ல!

இன்சூரன்ஸ் போட்டவன் பாடாவது பரவால்ல. பாய் கதையக் கேளுங்க. சுல்தானுக்கு முன்னங்கால்ல கம்பி குத்திருச்சு. பாய் போன் போட்டாரு. டாக்டர் நாலாயிரம்னாரு. "டாக்டரே, எனக்கு இன்சூரன்ஸ் இல்ல, பழைய ரேட்டுக்கு வாங்க"ன்னு பாய் கெஞ்சுறாரு. "உங்களுக்கு எண்ணூறுன்னு வாங்குனா கம்பெனிக்காரன் எங்கிட்ட வந்து மத்த ரசீதெல்லாம் என்னன்னு கேப்பான் பாய்"னு சொல்லிட்டாரு. பாய் அவரே மஞ்சளும் வேப்பெண்ணெயும் வச்சுக் கட்டுனாரு. புண்ணு உள்ளுக்குள்ள ஓடி, சுல்தான் நொண்டியாப் போச்சு. அடிமாட்டு விலைக்கு ஒருத்தன் வந்து வண்டியில ஏத்திட்டுப் போனான். எங்க கொண்டு போனான்னு பாய் கேக்கல. கேக்காத வரைக்கும் நல்லதுன்னு இருந்துட்டாரு. இப்ப ஏரிக்கரையில மக்காச்சோளம் சுட்டு விக்கிறாரு.

அதுலருந்து பாய் எங்கிட்டப் பேசறதில்ல தம்பி. டாக்டர் பண்ணுன பாவத்துக்கு எங்கிட்ட ஏன் பேச்ச நிறுத்துனாருன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல. இருபது வருசப் பழக்கம். நானும் நாலு தடவை வலியப் போயிப் பேசிப் பாத்தேன். "சோளம் வேணுமா?"ன்னு கேப்பாரு. அவ்வளவுதான்.

சன்னலைக் கொஞ்சம் சாத்திக்கிறீங்களா? பெருமாள்மலை தாண்டியும் குளிருது.

போன வருசம் மே மாசம். பூக் கண்காட்சி நேரம். ஏரியச் சுத்தி மனுசத் தலைதான். எங்களுக்கு வருசத்துச் சோறே அந்த ஒரு மாசந்தான் தம்பி, அப்ப ஓட்டலைன்னா மழைக்காலத்துல பட்டினி. சனிக்கிழமை காலையிலருந்து பிஜிலி பதினாலு ரவுண்டு போயிருச்சு. புல்லு போட நேரமில்ல. பதினோரு மணிவாக்குல கடையில மிஞ்சுன வேகவச்ச சோளக்கருது ஒரு கூடை வாங்கிப் போட்டேன். ஆசையாத் தின்னுச்சு. சுற்றுலா வர்றவன் வேற பிரெட்டு, பிஸ்கட்டு, கண்டதையும் ஊட்டுவான். அதான் வயித்தக் கெடுத்துச்சு. அவங்களச் சொல்லணும்.

பன்னெண்டு மணிக்கு அது நின்னுருச்சு. முன்னங்காலால தரையப் பிராண்டுது. திரும்பித் திரும்பி அதோட வயித்தையே பாக்குது. எனக்குத் தெரியாதா? முப்பது வருசம் பாத்தவன். வயித்து நோவு. பிலோமி சோறு கொண்டு வந்தவ, பாத்ததும் தூக்குவாளிய அப்படியே வச்சுட்டா. "டாக்டரக் கூப்பிடுங்க"ன்னா. நான், "நாலாயிரம்டி, வந்து நின்னா நாலாயிரம், கம்பெனிக்காரன் ஆடி மாசந்தான் குடுப்பான்"னேன். பெருங்காயமும் ஓமமும் காய்ச்சி ஊத்துனேன். எங்கப்பா காலத்து வைத்தியம், கேக்கும்னு பாத்தேன். ஒரு புது ஜோடி வந்து நிக்குது, வேற குதிரை வேணாம், காலுறை போட்ட குதிரைதான் வேணும்னு அந்தப் பொண்ணு அடம். ஒரு ரவுண்டு நடந்தா வாயு பிரிஞ்சிரும்னு நெனச்சேன். வயித்து நோவுக்கு நடக்க வைக்கிறதும் வைத்தியந்தானே? நீங்களே சொல்லுங்க. ஒரு ரவுண்டு போச்சு. வேர்த்து ஊத்திருச்சு. அந்தப் பொண்ணே பாதியில எறங்கிருச்சு.

அப்படியும் பாத்துக்கிட்டே நின்னேன். இப்ப சாணி போட்டுரும், இப்ப போட்டுரும்னு. மூணு மணிக்குப் பாய் சோளத் தள்ளுவண்டிய விட்டுட்டு வந்தாரு. பிஜிலி வயித்துல காத வச்சுக் கேட்டாரு. எந்திரிச்சு, அவரு போனுலருந்து குலோத்துங்கனக் கூப்பிட்டாரு.

அவரு பாதி மலை எறங்கியிருக்காரு. திரும்பி வந்து சேர நாலரை ஆயிருச்சு. வந்ததும் என்ன கேட்டாருன்னு நெனைக்கிறீங்க? "எப்ப ஆரம்பிச்சுச்சு?"ன்னாரு. பன்னெண்டு மணின்னேன். மனுசனுக்கு மொகம் செத்துருச்சு. "யோவ், நான் ரெண்டரை வரைக்கும் மேலதான்யா இருந்தேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு நாய்க்குக் கட்டுப் போட்டுக்கிட்டு இருந்தேன். அப்பவே கூப்பிட்டிருந்தா ஒரு ஊசியும் வயித்துக்கு எண்ணெயும் போதுமே"ன்னாரு. இப்பக் குடல் முறுக்கிக்கிச்சாம். வயித்தக் கிழிச்சுத்தான் பாக்கணுமாம். கீழ ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரி இருக்கு, ஒன்றரை லட்சம் ஆகும், கம்பெனி முன்கூட்டியே சரின்னு சொன்னா வண்டி வரும்னாரு. போட்டோ அனுப்பணும். "பட்டையக் கழட்டு சவரி."

நான் கழட்டல. பிலோமிதான் கழட்டுனா. ஸ்டாண்டுல அத்தனை பேரும் நிக்கிறாங்க. அத்தனை பேருக்கும் முன்னாடி அந்தச் சுழி. ஒருத்தனும் குனிஞ்சுகூடப் பாக்கல. அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு, எல்லாப் பயலுக்கும் முன்னாடியே தெரியும்னு.

அரை மணி நேரத்துல பதில் வந்துருச்சு தம்பி. காசு குடுக்க மூணு மாசம் எடுக்கிறவன், இல்லைன்னு சொல்ல அரை மணி நேரந்தான் எடுத்தான். சான்றிதழ்ல முகத்தில் சுழி இல்லைன்னு இருக்கு, போட்டோவுல இருக்கு, இது நாங்க இன்சூர் பண்ணுன குதிரை இல்லைன்னு. வேற குதிரையக் காட்டி ஏமாத்துறோமாம்! நான் குலோத்துங்கன் சட்டையப் புடிச்சேன். "நீ பாத்த குதிரைதானேய்யா, சொல்லுய்யா! ஒரு வார்த்தை சொல்லு!" அவரு போனைப் பைக்குள்ள போட்டுட்டாரு. "நான் எழுதுனது பொய்னு நானே சொன்னா என் லைசென்சு போயிரும் சவரி"ங்கிறாரு. லைசென்சு! என் உசுரு மண்ணுல உருளுது, இவருக்கு லைசென்சு! "கையில காசு கட்டுனா இப்பவே ஏத்திக்கிட்டுப் போலாம், பாதியாவது புரட்டு"ன்னாரு. எங்க போறது? சுத்தி நின்ன பயலுக பையத் தடவிப் பாத்து இருவதாயிரம் சேத்தானுங்க. பாயும் சோளம் வித்த காசு குடுத்தாரு. ஒன்றரை லட்சத்துக்கு அது எந்த மூலைக்கு?

ஆறு மணிக்கு மழை தூறுச்சு. பிஜிலி எந்திரிக்கப் பாத்துச்சு, முடியல. அப்பறம் பாக்கவும் இல்ல. பிலோமி அது தலைய மடியில வச்சுக்கிட்டு, முந்தானையால அந்தச் சுழியிருந்த எடத்தத் தொடச்சுக்கிட்டே இருந்தா. குலோத்துங்கன் வலி தெரியாம இருக்க ஊசி போட்டாரு, கடைசி வரைக்கும் மழையில நின்னாரு. காசு வேணாம்னுட்டுப் போனாரு. பாவத்தக் கழுவுறாராம்! நாலாயிரத்தையும் அவரு காருக்குள்ள வீசிட்டு வந்தேன்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்னும்பாங்க. என் குதிரை இருக்கையிலயும் காசு பிடுங்குனானுங்க, செத்தும் சல்லிக்காசு வரல. அதோட விட்டானா? இந்தா, இந்தக் கடுதாசியப் பாருங்க. மேல இருக்கிறது, செத்த குதிரை பிஜிலி இல்லைன்னு கம்பெனி எழுதுனது. கீழ இருக்கிறது, நாலு மாசம் கழிச்சு அதே கம்பெனி எழுதுனது. என்ன போட்டிருக்கு? படிங்க. "தங்கள் குதிரை பிஜிலியின் பாலிசி முடிவடைகிறது. அதன் நலன் காக்க உடனே பிரீமியம் செலுத்தவும்." செத்தது பிஜிலி இல்லையாம்ல. அப்ப பிஜிலி உசுரோடதானே இருக்கணும்! குதிரை கீழ தள்ளுனதும் இல்லாம குழியும் பறிச்சுச்சாம், அந்தக் கதை.

கிழிச்சுப் போடப் போனேன். பிலோமி பிடுங்கிட்டா. மாதா படத்துக்குப் பின்னாடி சொருகி வச்சுக்கிட்டா. "கட்டிருவோங்க"ன்னா. பைத்தியமாடி உனக்குன்னேன். "ஒரு எடத்துலயாவது அது உசுரோட இருக்குன்னு எழுதியிருக்கட்டுமே"ன்னா. எனக்கு வந்த கோவத்துக்குத் தட்டத் தூக்கி எறிஞ்சேன். அப்பறம் கொட்டாயில போயி உக்காந்துக்கிட்டேன்.

கம்பெனி மேல கேசு போட்டுட்டேன். வக்கீலு என்ன சொல்றாருன்னா, சுழி மொதல்லருந்தே இருந்துச்சுன்னு ஒரு ஆளு சாட்சி சொல்லணும். ஸ்டாண்டுல கேட்டா, "நீதானண்ணே மாதா மேல சத்தியம் பண்ணுன, நாங்க எப்படி மாத்திச் சொல்றது?"ங்கிறானுங்க. பாத்தேன்னு சொல்லக்கூடியவரு ஒருத்தருதான், வாங்கையிலயே எங்கூட இருந்தவரு.

அந்தா, டிரைவருக்குப் பின்னாடி ரெண்டாவது சீட்டு. வெள்ளைத் தொப்பி. தெரியுதா? அபுதாகிர் பாய் அவருதான். சாட்சி சொல்லத்தான் வர்றாரு. நான் டிக்கெட் எடுத்து நீட்டுனேன், வாங்கல. அவரு காசுல அவரு எடுத்துக்கிட்டாரு. பக்கத்துல எடம் இருந்துச்சு, நான் போனேன், பைய எடுத்து அங்க வச்சாரு. அதான் இங்க வந்து உக்காந்தேன்.

நேத்து வீட்டுக்குப் போயிக் கேட்டப்ப என்ன சொன்னாருங்கிறீங்க? "வர்றேன் சவரி. அது ஒன் குதிரைதான்னு சொல்றேன். அந்தச் சீவனுக்காகச் சொல்றேன், ஒனக்காக இல்ல. ஆனா அல்லாவ முன்ன வச்சுச் சொல்ற எடத்துல நான் பாதிய முழுங்க மாட்டேன். எண்ணூறு எப்படி நாலாயிரம் ஆச்சுன்னு கேட்டாச் சொல்லுவேன். பன்னெண்டு மணியிலருந்து மூணு மணி வரைக்கும் யாரு பாத்துக்கிட்டு நின்னதுன்னு கேட்டாலும் சொல்லுவேன்"னாரு.

அதெல்லாம் எதுக்குத் தம்பி கோர்ட்டுல? அது வேற, இது வேற. டாக்டர் நாலாயிரம் ஆக்குனதாலதானே நான் பாத்துக்கிட்டு நின்னேன்? எண்ணூறா இருந்திருந்தா மொத நிமிசமே கூப்பிட்டிருப்பேன். யோசிச்சிருக்கவே மாட்டேன். சோளக்கூடையத் தூக்கிப் போட்டுட்டுப் போனைத்தான் எடுத்திருப்பேன். எண்ணூறாத்தானே இருந்துச்சு. நல்லாத்தானே இருந்துச்சு. எண்ணூறா இருந்தத...

விடுங்க. வத்தலக்குண்டு வந்துருச்சு. இங்க பத்து நிமிசம் நிப்பாட்டுவான், எல்லாரும் டீ குடிக்க எறங்குவாங்க. பாயும் எறங்குவாரு. நீங்க ஒரு உதவி பண்ணுங்க தம்பி. பக்கத்துல போயி, சும்மா பேச்சுக்குடுத்து, ஒரு வார்த்தை சொல்லுங்க. பிஜிலி இவன் குதிரைதான்னு மட்டும் சொன்னாப் போதும், அந்த எண்ணூறு ரூபாப் பேச்ச எடுக்க வேணாம்னு. நீங்க வெளியாளு, படிச்சவரு, சொன்னாக் கேப்பாரு. இந்தப் பட்டையையும் அவர்கிட்டக் குடுத்துருங்க, கோர்ட்டுல காட்டணும்னு வக்கீல் சொன்னாரு. என் கையால குடுத்தா வாங்க மாட்டாரு.

அந்தா எறங்குறாரு. போங்க, போங்க. நான் அனுப்புனேன்னு மட்டும் சொல்லிறாதீங்க.